ஓட்டம் நின்ற தேதிகள்

உட்காருங்கள் சார். அந்த நாற்காலி வேண்டாம், ஒரு கால் ஆடும். இதில் உட்காருங்கள். வீட்டுக்காரி பாவாயி டீ வைக்கிறாள், குடித்துவிட்டுப் பேசலாம். பேனாவைச் சட்டையில் செருகிக்கொள்ளுங்கள், எங்கும் ஓடிவிடாது. கையெழுத்துத்தானே. போட்டால் அரை நிமிடம், போடாவிட்டாலும் அரை நிமிடம்.

சத்தம் அதிகமாக இருக்கிறதா? ஆறுதான். ஆடி பிறந்து ஆறு நாளாகிறது, மலைமேல் நல்ல மழை. கொஞ்சம் உரக்கப் பேசிக்கொள்வோம். இந்த உறுமலுக்குத்தான் உறுமியாறு என்று பெயர். இப்போது இரண்டே முக்கால் மீட்டர் இருக்கும். போய்ப் பார்க்கவில்லை, காதால் சொல்கிறேன். தப்பினால் ஐந்து சென்டிமீட்டர் தப்பும்.

ஆபீசிலிருந்து நீங்கள் கொண்டுவந்த தாளை இரண்டு தரம் வாசித்தேன். நல்ல தமிழ். நீங்கள் எழுதியதா? "கருத்துக்கேட்புக் கூட்டத்தில் நான் கூறியவை மூப்பின் காரணமாக ஏற்பட்ட நினைவுத் தடுமாற்றத்தால் கூறப்பட்டவை என்றும், பதிவேட்டில் உள்ளவையே சரியானவை என்றும் உறுதி கூறுகிறேன்." மூப்பு. எனக்கு அறுபத்திரண்டு சார். உங்களுக்கு ஐம்பத்தெட்டு முடிந்திருக்குமா? சும்மா கேட்டேன்.

போட்டால் என்ன ஆகும், போடாவிட்டால் என்ன ஆகும் என்று வாசலில் செருப்பைக் கழற்றும்போதே சொல்லிவிட்டீர்கள். போட்டால் என்மேல் விசாரணை இல்லை. ஆற்றின் குறுக்கே மின்சாரக் கம்பெனி சுவர் எழுப்பும். போடாவிட்டால் இருபத்தாறு வருடப் பதிவேட்டையும் தோண்டுவார்கள், வேலை நிரந்தரமானது செல்லுமா என்று கேட்பார்கள், ஓய்வூதியம் நிற்கும். அதட்டாமல் சொன்னீர்கள், நன்றி. ஆனால் நினைவுத் தடுமாற்றம் என்கிறீர்களே, அதை மட்டும் முதலில் பார்த்துவிடலாம். பதிவேட்டின் நகல் உங்கள் பையில் இருக்கிறது அல்லவா? எடுங்கள். எந்தப் பக்கமானாலும் பிரியுங்கள். தேதியை மட்டும் சொல்லுங்கள்.

நவம்பர் பதினேழு. எந்த வருடம்? சரி, பாவாயிக்கு ஆபரேஷன் நடந்த வருடம். மூன்று புள்ளி எட்டு ஆறு. சரிதானே. இன்னொன்று கேளுங்கள். செப்டம்பர் இரண்டா, அதற்கு அடுத்த வருடமா? ஒன்று தொண்ணூறு. முந்தின நாள் இரண்டு பத்து, ஒரே ராத்திரியில் இருபது இறங்கியது. தலையாட்டாதீர்கள் சார், வாயால் சொல்லுங்கள். சரியா, தப்பா?

சரி. அது போதும்.

வேலை ஒன்றும் பெரிய வேலை இல்லை. ஆற்றுக்குள் ஓர் இரும்புத் தூண், அதில் வெள்ளைத் தகடு, தகட்டில் கறுப்பு எண்கள். அளவுப் பலகை என்போம். தினம் காலை எட்டு மணிக்கு அதைப் பார்த்துத் தண்ணீர் எவ்வளவு உயரம் நிற்கிறது என்று எழுத வேண்டும். பதிவேட்டில் நான்கு கட்டம். தேதி, நேரம், உயரம், குறிப்பு. மாதக் கடைசியில் தாளை ஆபீசுக்கு அனுப்பினால், இத்தனை உயரம் என்றால் வினாடிக்கு இத்தனை தண்ணீர் ஓடுகிறது என்று அங்கே ஓர் அட்டவணையை வைத்துக் கணக்குப் போட்டுக்கொள்வார்கள். உயரம் என் பொறுப்பு. ஓட்டம் அவர்கள் பொறுப்பு.

பலகை நட்டிருக்கும் இடம் கரட்டு மடு. மேலே ஒன்பது கிலோமீட்டர் பாறைப் பள்ளத்தாக்கில் குதித்துக் குதித்து வருகிற ஆறு அங்கே வந்துதான் மூச்சு வாங்கும். மழைக்காலத்தில் வந்த ஒரு பொறியாளர், தூண் சாயாமல் நிற்க இதுதான் இடம் என்று அங்கே நட்டார். நல்ல இடம்தான், மழைக்காலத்துக்கு. பங்குனி வந்தால் மடுவின் வாயில் இருக்கும் பாறை வரப்பு வெளியே வந்துவிடும். அதைத் தாண்டி ஒரு சொட்டு போகாது. மேலே பார்த்தால் வெறும் பாறை, கீழே பார்த்தால் வெறும் மணல். நடுவில் மடு மட்டும் அடியூற்றில் நிற்கும். பலகையைப் பார்த்தால் 0.42. நேற்றும் அதே 0.42, நாளைக்கும் அதே.

நான் 0.42 என்று எழுதினேன். இருந்ததைத்தானே எழுதினேன். என் கையால் ஒரு பொய் எண்கூட எழுதினதில்லை. இதை உங்கள் தாளில் சேர்த்துக்கொள்ளலாம்.

குறிப்புக் கட்டத்தைக் கேட்கிறீர்கள். ஓட்டம் நின்றால் அதில் 'ஓட்டம் இல்லை' என்று எழுத வேண்டும் என்று விதி இருந்தது, இல்லை என்று சொல்லவில்லை. எனக்கு முன்னால் இருந்த குப்பண்ணன் எழுதினார். விடாமல் எழுதினார். ஆபீசில் என்ன செய்தார்கள்? ஓட்டம் இல்லாத ஆற்றுக்கு ஆள் எதற்கு என்று கோடையில் மூன்று மாதம் அவரை நிறுத்தி வைத்தார்கள். வருடா வருடம். தற்காலிக வேலை சார். மூன்று மாதம் விடுபட்டால் சர்வீஸ் உடைந்துபோகும். பதினான்கு வருடம் பார்த்தும் அவரை நிரந்தரமாக்கவில்லை. கடைசியில் பல்லடம் பக்கம் ஒரு கோழிப்பண்ணைக்குப் போய்விட்டார். நல்ல மனுஷன். தேவையில்லாததை எழுதினார்.

நான் அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டேன். காலியாக விடுவது பொய்யா? எழுதினால்தானே பொய். ஏழாம் வருடம் நிரந்தரமானேன். அப்புறமாவது எழுதியிருக்கலாமே என்று பாவாயி இன்றைக்கும் கேட்பாள். எப்படி எழுதுவது? ஏனப்பா, போன வருடம் வரைக்கும் ஓடியதே என்று கேட்பார்களா மாட்டார்களா? விட்டதை விட்டபடியே விட்டேன். யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

டீ வருகிறது. சர்க்கரை போடலாமா உங்களுக்கு? பாவாயி, சாருக்குச் சர்க்கரை கம்மி.

தமயந்தி என்ற அந்தம்மா வந்தது நான் ஓய்வு பெறுவதற்கு மூன்று வருடம் முன்னால். சொந்த ஊர் கோபிப் பக்கம். இருபது வருடம் நியூசிலாந்தில் இருந்துவிட்டு வந்தது. நாற்பத்தைந்து வயதுக்கு மேல் இருக்கும். தலையில் ஹெல்மெட், இடுப்பைச் சுற்றி ரப்பர் பாவாடை, ஓர் ஆள் மட்டும் நுழைகிற மாதிரி ஆரஞ்சு நிறத்தில் ஒரு பிளாஸ்டிக் படகு. வெள்ளம் வந்தால் ஊர் வீட்டுக்குள் போகும், அந்தம்மா ஆற்றுக்குள் போகும். பாறைக்கு நடுவில் தலைகீழாகக் கவிழும். தண்ணீருக்கு அடியிலேயே துடுப்பை ஒரு சுண்டு சுண்டி நிமிரும். பாவாயி முதல் தடவை பார்த்துவிட்டு, "கவுந்த பொம்பள தானா எந்திரிச்சு இப்பத்தாங்க பாக்கறேன்" என்றாள். அன்றைக்கே இருவரும் சிநேகம்.

ஆடியிலிருந்து ஐப்பசி வரை ஐந்தாறு பேரைக் கூட்டிக்கொண்டு வரும். நம் மாநிலத்தில் இப்படி விடாமல் பாய்கிற ஆறு கையில் எண்ணுகிற அளவுதான் மிச்சம் என்று சொல்லும். எல்லாரும் காலையில் என் வீட்டு வாசலில் நிற்பார்கள். "அண்ணா, இன்னைக்கு எவ்வளவு?" ஒன்று எண்பதுக்குக் கீழே போனால் பாறை தட்டும். இரண்டு அறுபதுக்கு மேலே ஏறினால் இறங்க மாட்டார்கள். நான் சொல்கிற எண்ணை வைத்துத்தான் இறங்குவதா, திரும்பிப் போவதா என்று முடிவு. இருபத்தாறு வருடத்தில் ஆபீசில் ஒருவர்கூட என் எண்ணை அப்படிக் கேட்டதில்லை சார். உங்களைச் சொல்லவில்லை.

ஒரு ஐப்பசி. எட்டு மணிக்கு இரண்டு முப்பது. சொன்னேன். அந்தம்மா ஜீப்பில் படகைக் கட்டிக்கொண்டு மேலே போனது, அன்றைக்குத் தனியாக. ஒன்பதரைக்குப் பார்க்கிறேன், தண்ணீர் காப்பி நிறமாகிவிட்டது. மேலே எங்கேயோ கொட்டியிருக்கிறது. இரண்டு எழுபது. பத்து மணிக்கு மூன்று ஐந்து. வெள்ளமென்றால் மணிக்கொரு தரம் எழுத வேண்டும், எழுதினேன். அந்தம்மாவின் போன் நம்பர் என்னிடம் இருந்தது. இருந்தது, ஆமாம். மேலே இறங்குகிற இடம் வரைக்கும் சிக்னலும் உண்டு.

நீங்கள் அப்படிப் பார்க்காதீர்கள். கேட்ட எண்ணைச் சரியாகச் சொல்லியாயிற்று. அப்புறம் ஏறியதா இறங்கியதா என்று கேட்டால் சொல்வேன். கேட்காமல் போன் போட்டு, அந்தம்மா பயந்து, வெள்ளம் வடிந்துபோய், வேலையைக் கெடுத்தான் என்று யார் பேச்சு வாங்குவது?

பதினொன்றரைக்குப் படகு வந்தது. கவிழ்ந்தபடி, ஆள் இல்லாமல். மடுவில் இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு வரப்பைத் தாண்டிப் போய்விட்டது. கொஞ்ச நேரம் கழித்துத் துடுப்பு வந்தது. அப்புறம் ஒன்றும் வரவில்லை. நான் பதிவேட்டைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். பாவாயி துவைத்துக்கொண்டிருந்ததை அப்படியே போட்டுவிட்டுக் கரையோடு மேலே ஓடினாள். "அம்மிணி, அம்மிணி" என்று அவள் கத்துவது அந்த உறுமலில் எனக்கே கேட்கவில்லை, வாய் அசைவதுதான் தெரிந்தது. இருபது நிமிடம். பன்னிரண்டு மணிக்கு எழுத வேண்டிய அளவை அன்றைக்கு நான் எழுதவில்லை. இருபத்தாறு வருடத்தில் விட்டது அது ஒன்றுதான். நகலில் பாருங்கள், காலியாக இருக்கும்.

ஆறு பாறையிலிருந்து குதிக்கிற மூன்றாவது இடத்தில் தண்ணீர் ஆளைக் கீழே அழுத்திப் பிடித்துக்கொண்டதாம். எப்படியோ விட்டது. கரையில் நீர்மருது மரத்தின் வேரைப் பிடித்துக்கொண்டு கிடந்ததைப் பாவாயி பார்த்துத் தோளில் சாய்த்துக் கூட்டி வந்தாள். தோளெல்லாம் ரத்தம். பல் தந்தியடிக்கிறது. என்னைப் பார்த்து, "அண்ணா, தண்ணி ஏறுனது தெரியுமா?" என்றது.

"தெரியும்ங்க. மூணு அஞ்சு."

"எப்பத் தெரியும்?"

"ஒம்பதரைக்கே ஏற ஆரம்பிச்சிருச்சுங்க."

"அப்புறம் ஏன் சொல்லல?"

"நீங்க கேக்கலீங்களே."

அந்தம்மா என்னையே பார்த்தது. அப்புறம் சிரித்தது சார். உட்கார்ந்து, தலையைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. பாவாயி சிரிக்கவில்லை. அன்றைக்கு முழுக்க என்னோடு பேசவில்லை. ஒரு மாதம் கழித்துத் தோள் ஆறி வந்தபோது அந்தம்மா வாசலில் நின்று, "எட்டு மணிக்கு எவ்வளவு, இப்ப எவ்வளவு, இனிமே எவ்வளவு ஆகும்? மூணும் கேக்கறேன், மூணும் சொல்லோணும்" என்றது. அன்றிலிருந்து மூன்றும் சொன்னேன். கேட்டால் சொல்லாதவன் இல்லை நான்.

போன வருடம் கம்பெனி வந்தது. பள்ளத்தாக்கின் தலையில் ஒரு சுவர். அங்கேயே தண்ணீரைக் குழாய்க்குள் திருப்பி, ஒன்பது கிலோமீட்டர் கொண்டுபோய்க் கீழே மின்சாரம். ஐந்தில் நான்கு பங்கு குழாய்க்கு, ஒரு பங்கு ஆற்றுக்கு. அந்த ஒரு பங்கு போதுமா என்று கேட்டால், கோடையிலேயே இவ்வளவு ஓடுகிற ஆறு இது, போதும் என்கிறார்கள். அவர்கள் அறிக்கையின் முதல் பக்கத்தில் 'கோடையிலும் வற்றாத ஆறு' என்று போட்டிருக்கிறது. ஆதாரம் என்ன? என் 0.42. ஆபீஸ் அட்டவணையில் 0.42 என்றால் நல்ல ஓட்டம்.

எனக்குத் தெரியும் சார், தெரியாமல் இல்லை. மழை மாதங்களில் இந்த ஆறு குடிக்கிற தண்ணீரில்தான் மற்ற மாதமெல்லாம் உயிரைப் பிடித்து வைத்திருக்கிறது. வெள்ளம் வந்து மடுக்களைக் கழுவி நிரப்பினால்தான் கோடையில் மீன் அதற்குள் ஒண்டும். வெள்ளத்தைக் குழாய்க்குள் விட்டால் மடு சேறாகும். எல்லாம் தெரியும். ஆனால் அறிக்கை எழுதியவர்கள் படித்தவர்கள். என்னிடம் வந்து கேட்டார்களா?

பங்குனியில் அந்தம்மா வந்தது. கையில் தகவல் உரிமைச் சட்டத்தில் வாங்கிய தாள். ஒரு பக்கத்தில் பென்சிலால் கோடு போட்டிருந்தது. "அண்ணா, இந்த வருசம் பாருங்க. நாப்பத்தேழு நாள். ஒரு மில்லிமீட்டர்கூட அசையல. ஓடற ஆறு இப்படி இருக்குமா? தூங்குச்சா?"

"அளவு சரியா இருக்குதுங்க" என்றேன்.

"அளவு தப்புன்னு நான் சொல்லல."

உள்ளேயிருந்து பாவாயி வந்தாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, சாவகாசமாக. "தூங்கல அம்மிணி, செத்துக் கெடந்துச்சு. அங்கதான் துணி தொவப்போம். சோப்பு நுரை போட்ட எடத்துலயே நிக்கும், சாயங்காலம் போனாலும் அங்கயே நிக்கும்."

இத்தனை வருடம் என்னோடு இருந்தவள் ஒரு வாக்கியத்தில் கவிழ்த்துவிட்டாள். நான் அதட்டினேன். "இவரு எழுதலைன்னா ஆத்துக்குத் தெரியாதாக்கும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அந்தம்மா என்னைத் திட்டவில்லை. கூட்டத்தில் வந்து இதை ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்று கேட்டது. முடியாது என்றேன். சரி என்று எழுந்து போனது. ரொம்பக் கேட்டிருந்தால் கோபமாவது பட்டிருக்கலாம்.

கூட்டம் ஆனி மாதம், கல்யாண மண்டபத்தில். கம்பெனி என்னை முன்வரிசையில் உட்கார வைத்துப் பொன்னாடை போர்த்தியது. இருபத்தாறு வருடம் ஒரு நாள் விடாமல் ஆற்றைப் பார்த்த மனிதர் என்று அவர்கள் இன்ஜினியர் மைக்கில் சொன்னார். கைதட்டினார்கள். பொய் சொல்வானேன், உடம்பு சிலிர்த்தது. ஆபீசில் எனக்கு ஒரு மாலைகூடப் போட்டதில்லை, ஓய்வு பெற்ற நாளில் பிஸ்கட் கொடுத்தார்கள்.

ஊர்க்காரர்கள் இரண்டு பேர் எழுந்து, கோடையில் ஆறு நின்றுவிடும் என்று சொன்னார்கள். "உங்கள் வாய்ச்சொல்லா, இருபத்தாறு வருடப் பதிவேடா?" என்றார் இன்ஜினியர். உட்கார்ந்துவிட்டார்கள். மற்றவர்கள் வாயே திறக்கவில்லை, கம்பெனி ரோடு போடுகிறேன் என்று சொல்லியிருந்தது. அந்தம்மா சித்திரையில் எடுத்த போட்டோவைக் காட்டியது. "இது மழை பொய்த்த வருடம் மேடம்." பின்னால் யாரோ, "ஒரு அம்மா படகு வுட்டு வெளயாட ஒன்பது கிலோமீட்டரு ஆறு வேணுமாக்கும்" என்றான். மண்டபமே சிரித்தது.

அந்தம்மா சிரிப்பு அடங்கும்வரை நின்றது. "விளையாடத்தான் வந்தேன். இல்லைன்னு சொல்லல. ஆனா அந்த ஒன்பது கிலோமீட்டர்ல எந்தப் பாறைக்குப் பின்னாடி தண்ணி ஆளைப் பிடிச்சு வைக்கும்னு எனக்குத் தெரியும். தெரியலைன்னா செத்திருப்பேன். பேப்பரைப் பாத்து ஆத்தைத் தெரிஞ்சுக்க முடியாது. தெனமும் பாத்த ஒருத்தர் இங்க இருக்கார். அவரைக் கேளுங்க."

மேடையில் நடுவில் இருந்தது சப்-கலெக்டர். சின்ன வயசுப் பெண். என்னைப் பார்த்துக் கையைக் காட்டினார். எழுந்தேன். பொன்னாடை ஒரு பக்கம் நழுவியது, பிடித்துக்கொண்டேன்.

"ஏப்ரல் மாசத்துல எவ்வளவு இருக்கும்?"

"பூஜ்யம் புள்ளி நாலு ரெண்டுங்க."

"ஓடுமா?"

"அந்தக் கட்டம் ஒசரத்துக்குங்க. ஓட்டத்துக்கு இல்லீங்க."

"கட்டத்தை நான் கேக்கல. ஓட்டத்தைக் கேக்கறேன்."

இன்ஜினியர் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருந்தார். பெண்கள் பக்கம் பாவாயி உட்கார்ந்திருந்தாள். அவள் என்னைப் பார்க்கவே இல்லை, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஐப்பசியில் கரையோடு ஓடினாளே, அன்றைக்கு ராத்திரி சோறு போட்டபோது இருந்த அதே முகம்.

"நின்னுச்சுங்க" என்றேன்.

"எந்த வருசம்?"

"எல்லா வருசமும்ங்க."

அவ்வளவுதான் சார் நான் பேசியது. அதற்குத்தான் நீங்கள் ஐம்பது கிலோமீட்டர் வந்திருக்கிறீர்கள். ஒரு வருடம் புதிதாக அளந்த பிறகுதான் முடிவு என்று அந்தப் பெண் எழுதிவிட்டார். கம்பெனி இப்போதைக்குக் கிளம்பிப் போனது, ரோடும் அதோடு போனது. அன்றிலிருந்து நாச்சிமுத்து டீக்கடையில் எனக்கு மரியாதையைப் பாருங்கள். கிளாசை வைத்துவிட்டு, "ஏனுங், டீ ஓடுதுங்களா, நிக்குதுங்களா?" பஞ்சாயத்துக் குழாயில் தண்ணீர் வராவிட்டால், "நின்னுச்சுக்காரரைக் கூப்புடு." உண்மையைச் சொன்னவனுக்கு ஊர் கொடுத்த பட்டம். அந்தம்மா மட்டும் நேற்றும் வாசலில் வந்து மூன்று எண்ணையும் கேட்டது. கூட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் வேறு எதை எழுதிக்கொண்டு வந்திருந்தாலும் போட்டிருப்பேன். பயத்தில் உளறினேன் என்று எழுதியிருந்தால், உண்மைதானே, போட்டிருப்பேன். அந்தம்மா சொல்லிக் கொடுத்தது என்றால்கூடப் போட்டிருப்பேனோ என்னவோ. நினைவுத் தடுமாற்றம் என்று எழுதிவிட்டீர்கள். என்னிடம் இருக்கிற ஒரே சொத்து அதுதான். அதன்மேல் கைவைத்தால் எப்படிப் போடுவது?

என்ன சார், பேனாவை எடுக்கிறீர்கள்.

மாற்றலாமா. இந்த வரியை அடித்துவிட்டு, 'பயத்தின் காரணமாக' என்று எழுதிக்கொள்ளலாம், பக்கத்தில் சின்னக் கையெழுத்துப் போட்டால் போதும். அப்படித்தானே?

இது எனக்குத் தோன்றவில்லை. நீங்கள் அதைத் தர மாட்டீர்கள் என்றே நினைத்துவிட்டேன்.

கொஞ்சம் இருங்கள்.

டீயைக் குடியுங்கள், ஆறுகிறது.

இல்லை சார். வேண்டாம். அடிக்க வேண்டாம், அது அப்படியே இருக்கட்டும், எடுத்துப் போய்விடுங்கள். உங்களிடம் வெள்ளைத் தாள் இருக்கிறதா? எடுங்கள். நான் சொல்கிறேன், நீங்கள் எழுதுங்கள், கடைசியில் கையெழுத்துப் போடுகிறேன். ஏனென்று கேட்காதீர்கள். எனக்குக் கைநடுக்கம் இல்லை, ஆனால் இதை நானே எழுதினால் அந்தக் கட்டத்துக்கு வரும்போது கை தாண்டிப் போய்விடும். இருபத்தாறு வருடப் பழக்கம்.

விசாரணை வரும், தெரியும். ஓய்வூதியம் நிற்கும், அதுவும் தெரியும். வாசலிலேயே சொல்லிவிட்டீர்களே. பாவாயி, கேட்டுக்கொண்டாயா? சரி. கேட்டுக்கொண்டாள்.

எழுதுங்கள். அர்த்தநாரி, உறுமியாறு, கரட்டு மடு. ஓட்டம் நின்ற தேதிகள். முதல் வருடம். மார்ச் பத்தொன்பது, நின்றது. மே இருபத்தாறு, மறுபடி ஓடியது.

என்ன பாவாயி?

பதினேழா? இல்லை, பத்தொன்பது. பத்தொன்பது காலையில் நான் போனபோதுதான் வரப்பு காய்ந்திருந்தது. என்ன, மாமனா? ... ஆமாம். சார், அவள் சொல்வது என்னவென்றால், பதினேழாம் தேதி அவளுடைய அப்பன் செத்துப்போனார், குளிப்பாட்டுவதற்கு ஓடுகிற தண்ணீர் மொண்டு வா என்று குடத்தைக் கொடுத்து அனுப்பினார்கள். மேலேயும் கீழேயும் தேடிவிட்டு மடுவில் நின்ற தண்ணீரை மொண்டு போனாள். யாரிடமும் சொல்லவில்லை. என்னிடம்கூட இன்றைக்குத்தான் சொல்கிறாள்.

ஏன் எழுதாமல் நிறுத்திவிட்டீர்கள்? தெரியும், தெரியும். இதைத்தான் நினைவுத் தடுமாற்றம் என்று எழுதிக்கொண்டு வந்தீர்கள், இல்லையா? முதல் வருடத்திலேயே இரண்டு நாள் இடித்துவிட்டது. நீங்கள் அப்படியே வைத்துக்கொண்டாலும் எனக்கு வருத்தமில்லை. ஆனால் அது மூப்பு இல்லை சார். அந்தப் பதினேழும் நான் ஆற்றுக்குப் போனேன், சாவு வீட்டுக்குப் போகும் வழியில் அளவு எழுதிவிட்டுத்தான் போனேன். வரப்பைப் பார்க்காமல் இருந்திருக்க முடியாது. தலைக்குள் வைத்ததிலும் இரண்டு நாளைக் குறைத்துத்தான் வைத்திருக்கிறேன். இன்னும் எத்தனை வருடத்தில் எத்தனை நாளோ.

பத்தொன்பதை அடியுங்கள். பதினேழு என்று போடுங்கள்.

பாவாயி, அடுப்பை அணைத்துவிட்டு வந்து இப்படி உட்கார். சாருக்குப் பக்கத்தில் உட்கார், சத்தத்தில் கேட்காது.

இரண்டாம் வருடம். நீ சொல்லு.